டார்பிஷரின் ஈம் கிராமத்துக்குப் போகிறோம்: எங்கே தொடங்குவது, எதை நம்புவது?

சோழமண்டலம்:

வரும் ஆகஸ்டில் மான்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். பழைய ஆங்கிலக் கிராமம் ஒன்றை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம்தான் கை காட்டுகிறார்கள்: பைபரி, காசில் கூம். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் என் மனம் ஈம் கிராமத்தின் மேலேயே நிற்கிறது. 1665இல் பிளேக் என்ற கொள்ளைநோய் வந்தபோது, அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று ஊர்மக்களே எல்லை கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள். அங்கே சொல்லப்படும் கதைகளில் எவற்றை நம்பலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும்.

வடகாற்று:

நான் ஷெஃபீல்டில் குடியிருக்கிறேன். யாராவது விருந்தாளி வந்தால் முதலில் அழைத்துப் போவது ஈமுக்குத்தான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊர் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அது, 1951இல் அமைந்தது. மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் ரயில் பாதையில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி மேடேறி நடந்து வருபவர்கள் உண்டு. பிள்ளைகளோடு வருவதென்றால் கார்தான் வசதி. அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது.

ஆனால் ஒரு வேண்டுகோள். நேராக ஊருக்குள் போய் இறங்காதீர்கள். முதலில் கீழே இருக்கும் ஸ்டோனி மிடில்டன் கிராமத்துக்கு வாருங்கள். அங்கிருந்து வயல்களின் ஊடாக ஈமுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. நடுவழியில் புல்லில் புதைந்தாற்போல ஒரு பாறை கிடக்கும். மேலே 6 குழிகள். அதுதான் எல்லைக்கல். வெளியூர்க்காரர்கள் உணவும் மருந்தும் கொண்டுவந்து அங்கே வைப்பார்கள். ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள் என்பது ஊர் வழக்கு. வினிகர் நோயைக் கொல்லும் என்பது அக்காலத்து நம்பிக்கை. குனிந்து குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். இன்றும் வருகிறவர்கள் சில்லறை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வேலி கிடையாது, சுவர் கிடையாது, காவலாளி நின்றதாகச் சொல்லப்படும் இடமும் கிடையாது. ஒரு நடைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த ஊர். இதைப் பார்த்த பிறகு ஊருக்குள் போனால், வீடுகளின் முன் இருக்கும் பலகைகளில் உள்ள பெயர்கள் வேறு மாதிரி படும்.

ஊருக்குள் தேவாலயத்தை ஒட்டி வரிசையாகக் கல்வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் எல்லாம் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையல்காரர் வீடு. லண்டனிலிருந்து அவருக்குத் துணிப்பொதி வந்தது. ஈரமாக இருந்ததால் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற பணியாள் அதைப் பிரித்துக் கணப்பின் அருகே உலர்த்தினார் என்பார்கள். துணியில் தெள்ளுப்பூச்சி இருந்திருக்கிறது. விக்கர்ஸ் 1665 செப்டம்பர் 7 அன்று இறந்தார். அந்த வீட்டில் இருந்த சிறுவன் எட்வர்ட் கூப்பருக்கு 4 வயது. அதே மாதத்தில் அவனும் போனான். அண்ணன் ஜோனத்தானுக்கு 12. அவனும் தப்பவில்லை. அடுத்த ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டும் இறந்தார். அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளின் தாயுமான மேரி மட்டும் உயிரோடு இருந்தார். உறவினர்களில் 13 பேரை அவர் இழந்ததாக வீட்டு முன் உள்ள பலகை சொல்கிறது. பக்கத்தில் ரோஸ் காட்டேஜ். அதில் தோர்ப் குடும்பத்தார் 9 பேர் இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

தூரிகை:

வடகாற்று சொன்ன வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் திரை, வாசலில் பூந்தொட்டி, உள்ளே வானொலி ஓடும் சத்தம். பலகையைப் படிக்க எல்லோரும் தோட்டத்துச் சுவரோரம் நிற்பது இயல்பு. ஆனால் கடந்த முறை நான் போயிருந்தபோது ஒரு குழுவினர் சன்னல் வழியாக உள்ளே படம் எடுத்தார்கள். பார்க்கவே வேதனையாக இருந்தது. வெளியூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து அரை மணி நேரம் கொடுத்துவிட்டுக் கிளம்பும் சுற்றுலாக்களால் வருகிற வினை இது. அரை மணியில் படம்தான் எடுக்க முடியும், ஒரு பெயரைக்கூட நின்று படிக்க முடியாது.

நான் ஓவியம் வரைபவள். காட்ஸ்வோல்ட்ஸ் வீடுகளின் தேன்நிறக் கல் இங்கே கிடையாது. சாம்பலும் பழுப்புமான மணற்கல். மழை பெய்தால் ஊர் முழுக்கக் கருத்துப் போகும். எனக்கு அந்த நிறம்தான் பிடித்திருந்தது. ஈம் ஹால் என்ற பெரிய வீடு கொள்ளைநோய் ஓய்ந்து சில ஆண்டுகளில், 1670களில், கட்டப்பட்டது. அதன் எதிரே உள்ள புல்தரையில் குற்றவாளிகளின் காலை மாட்டி வைக்கும் பழைய தொழுமரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

ஏட்டுச்சுவடி:

சோழமண்டலம் ஐயா எதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறார். அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நோய் வந்தது உண்மை. சாவு உண்மை. தேவாலயப் பதிவேட்டில் பெயர்கள் இருக்கின்றன. ஊரின் குருவானவர் வில்லியம் மோம்பசன் 1666 நவம்பரில் எழுதிய கடிதத்தில் 76 குடும்பங்களில் நோய் புகுந்ததாகவும் 259 பேர் இறந்ததாகவும் கணக்குச் சொல்கிறார். தேவாலயத்தில் இன்று வைத்திருக்கும் பட்டியலில் 273 பெயர்கள் உள்ளன. இதெல்லாம் திடமான செய்தி.

ஆனால் ஊரே ஒருமனதாகக் கூடித் தியாகம் செய்ய முடிவெடுத்தது என்ற சித்திரம் பெரும்பாலும் பிற்காலத்தில் வளர்ந்தது. வில்லியம் உட் என்ற உள்ளூர் வரலாற்றாளர் 19ஆம் நூற்றாண்டில் ஊரில் வழங்கிய கதைகளைத் தொகுத்தார். நாம் இன்று கேட்கும் பல காட்சிகள் அந்தத் தொகுப்பின் வழியே வந்தவை. பக்கத்து ஊர் இளைஞன் ரோலண்ட் டோர் ஓடைக்கு அக்கரையில் நின்று தன் காதலி எம்மட் சிடாலைத் தினமும் பார்த்துவிட்டுப் போனான் என்ற கதையும் அப்படித்தான். எம்மட் 1666 ஏப்ரலில் இறந்தது பதிவில் இருக்கிறது. காதல் பதிவில் இல்லை.

இன்னொன்று. அக்காலத்துச் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 1604இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டப்படி, உடலில் நோய்ப்புண்ணோடு வெளியே நடமாடுபவரைத் தூக்கில் போடலாம். புண் இல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினால் நாடோடி என்று சாட்டையடி. போதாக்குறைக்கு 1662இல் குடியமர்வுச் சட்டம் வந்தது. பிழைக்க வழியற்றவர் என்று தோன்றும் எவரையும் புதிய ஊர் 40 நாட்களுக்குள் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். ஓர் ஈயச் சுரங்கத் தொழிலாளி மனைவி மக்களோடு எங்கே போயிருப்பான்? எந்த ஊர் அவனை உள்ளே விட்டிருக்கும்? வசதி உள்ளவர்கள் சிலர் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். மோம்பசன்கூடத் தன் குழந்தைகள் இருவரையும் முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். தங்கியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் போக்கிடம் இல்லாதவர்கள். அவர்களைத் தியாகிகள் என்று சொல்லிப் பூச்சூட்டும்போது, அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வியை மூடிவிடுகிறோம்.

வடகாற்று:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன சட்டங்கள் இரண்டும் இருந்தன, மறுக்கவில்லை. ஏழைகளுக்குப் போக்கிடம் இல்லை என்பதையும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தாமஸ் ஸ்டான்லியை விட்டுவிட்டீர்கள். அவர் இல்லாமல் இந்தக் கதை நிற்காது.

ஸ்டான்லி ஊரின் பழைய குருவானவர். இங்கிலாந்தில் இடையில் நின்றுபோயிருந்த மன்னராட்சி திரும்பியதும், 1662இல், எல்லாக் குருமாரும் அரசு அங்கீகரித்த பொது வழிபாட்டு நூலை ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மனச்சாட்சி இடம் தராததால் அவர் பதவியை இழந்தார். மோம்பசன் 1664இல் வந்தவர், இளைஞர், வெளியூர்க்காரர். ஊர் மக்களில் பலர் ஸ்டான்லியின் பக்கம். அரசியலிலும் வழிபாட்டிலும் எதிரெதிர்த் துருவங்கள் இருவரும். அப்படிப்பட்ட இருவர் 1666 ஜூனில் சேர்ந்து நின்று ஊரிடம் பேசினார்கள். மூன்று ஏற்பாடுகள்: இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே வீட்டருகே, வயலில் புதைப்பது, தேவாலயத்தைப் பூட்டிவிட்டுக் கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நின்று தொழுவது, எல்லையைத் தாண்டாமல் இருப்பது. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவுக்கு ஏற்பாடு செய்தார்.

சட்டம் எங்கும் இருந்தது, லண்டனிலும் இருந்தது. லண்டனில் கதவுகளுக்கு வெளியே பூட்டும் காவலும் போட வேண்டியிருந்தது. ஈமில் அந்த வேலையைச் செய்தது அந்தக் குருமார் இருவர் மேலும் ஊரார் வைத்த நம்பிக்கை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. போக இடமில்லாதவன் அமைதியாக இருந்துவிடுவான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரவில் மலையேறிப் போய்விட முடியும். டைட்ஸ்வெல் சந்தைக்கு ஒரு பெண் போய்விட்டாள், ஈமைச் சேர்ந்தவள் என்று கண்டுபிடித்து மண்ணை வாரி வீசி விரட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதுவும் வழக்குக் கதைதான். ஆனால் சுற்றியிருந்த ஊர்கள் எதிலும் ஈம் கண்டது போன்ற சாவு விழவில்லை.

நுண்நோக்கி:

மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிளேக் என்றால் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி, பூச்சி கடித்து மனிதனுக்கு நோய் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஈம் பதிவேட்டில் இறந்தவரின் பெயரும் நாளும் குடும்பமும் இருப்பதால் ஆய்வாளர்களுக்கு அது அரிய தரவு. 2016இல் வெளிவந்த ஒரு கணித ஆய்வு அதை வைத்துக் கணக்கிட்டது. ஈமில் நேர்ந்த தொற்றுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனவை, எலியின் வழியாக வந்தவை கால் பங்குதான் என்பது அதன் முடிவு. ஒரே வீட்டில் இருப்பதும் வறுமையும் ஆபத்தைக் கூட்டின என்றும் காட்டியது. ஏட்டுச்சுவடி ஐயா எழுப்பிய கேள்விக்கு இது பொருந்திப் போகிறது.

ஆக, எல்லை கட்டியது வெளியூர்களுக்கு நன்மை. உள்ளே இருந்தவர்களுக்கு? நெருக்கமான வீட்டில் நோயாளியோடு அடைபட்டுக் கிடப்பதைவிடச் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து மேய்ச்சல் நிலங்களில் குடிசை போட்டிருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருக்கக்கூடும். அதை 1666இல் யாரும் அறிந்திருக்க முடியாது. நோய்க்குக் காரணமான கிருமியை யெர்சின் கண்டுபிடித்ததே 1894இல், ஹாங்காங்கில். அந்த அறிவு எதுவும் இல்லாத காலத்தில் அடக்க ஊர்வலத்தை நிறுத்தியதும் தேவாலயத்தைப் பூட்டியதும் திறந்தவெளியில் தள்ளி நின்றதும் நோயியல் கண்ணோடு பார்த்தாலும் சரியான முடிவுகள்தான். 2020இல் நாம் செய்தது வேறு என்ன?

கிழக்குவாசல்:

இவ்வளவு எழுதியும் யாரும் எலிசபெத் ஹான்காக்கைச் சொல்லவில்லையே.

ஊரிலிருந்து கிழக்கே அரை மைல் தூரத்தில் மேட்டில் ரைலி கல்லறைகள் இருக்கின்றன. இப்போது பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. சரிவான புல்வெளியின் நடுவே வட்டமாக ஒரு தாழ்ந்த கல்சுவர். உள்ளே சில கற்கள், அவ்வளவுதான். 1666 ஆகஸ்டில், 8 நாட்களுக்குள், எலிசபெத் தன் கணவரையும் 6 பிள்ளைகளையும் இங்கே புதைத்தார். அந்த மாதத்தில் மட்டும் ஊரில் 70 பேருக்கும் மேல் இறந்தார்கள். உதவிக்கு வர ஆள் கிடையாது, வரவும் கூடாது. தொற்றுக்கு அஞ்சி, உடல்களின் காலில் துணியைக் கட்டித் தானே இழுத்துப் போய்த் தானே குழி தோண்டினார் என்று சொல்வார்கள்.

கற்களில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பாசி படர்ந்திருப்பதால் எழுத்தைச் சாய்வாக வெயில் விழும் நேரத்தில்தான் படிக்க முடிகிறது. மாலைப் பொழுதில் போனால் நல்லது. நான் முதலில் பார்த்த கல்லில் நாள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த கல்லிலும் அதே மாதம். அதற்கடுத்ததிலும் அதே மாதம். அங்கே நின்றபோது, இவர் மனமுவந்து தங்கினாரா, சட்டத்துக்கு அஞ்சித் தங்கினாரா என்ற விவாதத்துக்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. குருவானவர்கள் இருவரின் பெயரையும் ஊர் முழுக்கப் பார்க்கிறோம். மோம்பசனின் மனைவி கேதரினின் கல்லறை தேவாலய முற்றத்தில் இருக்கிறது. நோயாளிகளோடு இருந்து 1666 ஆகஸ்ட் 25 அன்று இறந்தவர். அவருக்கு ஆண்டுதோறும் மலர் வைக்கிறார்கள். வைக்கட்டும், தகுதியானவர். ஆனால் ஈமுக்குப் போகிறவர்கள் மேரி ஹாட்ஃபீல்டின் வீட்டு வாசலிலும் ரைலி மேட்டிலும் நிற்காமல் திரும்பினால், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

சோழமண்டலம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு ஆழமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 13. சின்னவளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா? அருங்காட்சியகம் எப்படி?

தூரிகை:

தாராளமாகச் சொல்லலாம். அருங்காட்சியகம் பழைய மெத்தடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில், 1994இல் திறக்கப்பட்டது. கூரை உச்சியில் காற்றுத்திசை காட்டி எலி உருவத்தில் இருக்கும். பிள்ளைகள் அதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே நோய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று படிப்படியாகக் காட்டுகிறார்கள். நோய்க்குறிகளைக் காட்டும் உருவம் ஒன்று இருக்கிறது, சின்னவள் பயப்படலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிழைத்தவர்களைப் பற்றியும் கேட்டால் சொல்லுங்கள்: மார்கரெட் பிளாக்வெல் என்ற பெண் காய்ச்சலில் கிடந்தபோது பன்றிக் கொழுப்பைப் பால் என்று நினைத்துக் குடித்துப் பிழைத்துக்கொண்டாள் என்பார்கள். மார்ஷல் ஹவ் என்பவர் நோய் வந்து மீண்டவர். இனி நம்மை அண்டாது என்ற துணிச்சலில், ஆள் இல்லாத வீடுகளின் பிணங்களைப் புதைத்துவிட்டுக் கூலியாக அந்த வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டவர். கடைசியில் அவர் மனைவியும் மகனும் இறந்தார்கள். இவரை எப்படி எடைபோடுவது என்று உங்கள் 13 வயது மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

திண்ணை:

தேவாலய முற்றத்தில் கொள்ளைநோய்க்குச் சம்பந்தமில்லாத இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒன்று, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை. தண்டின் ஒரு பகுதி காணாமல் போனதால் சற்றுக் குள்ளமாகத் தெரியும். கொடிப் பின்னல் வேலை அவ்வளவு நேர்த்தி. இன்னொன்று, ஹாரி பாக்ஷா என்ற டார்பிஷர் கிரிக்கெட் வீரரின் கல்லறை. பிற்காலத்தில் நடுவராக இருந்தவர், 1927இல் இறந்தார். கல்லில் பந்து பட்டு ஸ்டம்பு சரிவதைச் செதுக்கி, மேலே நடுவரின் விரல் உயர்வதையும் காட்டியிருக்கிறார்கள். தேவாலயச் சுவரில் 1775ஆம் ஆண்டின் பெரிய சூரியக் கடிகாரமும் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

வடகாற்றுக்கு ஒரு பதில் பாக்கி. ஸ்டான்லியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் வாதத்துக்கும் அது வலுச் சேர்க்கிறது. பதவி பறிக்கப்பட்டவரின் சொல்லுக்குத்தான் ஊர் கட்டுப்பட்டது என்றால், பெருமை முழுவதையும் மோம்பசனுக்குக் கொடுத்த பழைய எழுத்துகள் எவ்வளவு ஒருதலையானவை என்று பாருங்கள். நோய் ஓய்ந்த பிறகும் ஸ்டான்லியை ஊரைவிட்டு விரட்டச் சிலர் முயன்றார்கள். டெவன்ஷயர் பிரபு தடுத்ததாகச் சொல்வார்கள். ஸ்டான்லி 1670இல் ஈமிலேயே காலமானார். மோம்பசன் நாட்டிங்ஹாம்ஷரின் ஈக்ரிங்குக்கு மாறிப் போனார். அங்கே மக்கள் ஈமிலிருந்து வந்தவர் என்று அஞ்சி அவரை ஊருக்குள் விடவில்லை, கொஞ்ச காலம் ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்கினார் என்பது வழக்கு. ஊரைக் காத்தவருக்கும் அடுத்த ஊரில் இதுதான் வரவேற்பு என்றால், சாதாரணத் தொழிலாளிக்கு எது கிடைத்திருக்கும்?

வடகாற்று:

அந்தக் கேள்வி நியாயமானது. இதில் நமக்குள் பெரிய பிணக்கு இல்லை என்று நினைக்கிறேன். போக இடம் இல்லாதவர்கள், ஆனாலும் ஒருவர் சொல்லை மதித்துக் கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்லலாம்.

சோழமண்டலம், தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறை யோசியுங்கள். அன்றுதான் கொள்ளைநோய் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து ஊர்வலமாகப் போய்க் கக்லெட் டெல்ஃபில் திறந்தவெளி வழிபாடு நடத்துவார்கள். ஊர்க் கிணறுகளை மலரிதழ்களால் ஆன சித்திரப் பலகைகளால் அலங்கரிக்கும் டார்பிஷர் வழக்கமும் அந்த நாட்களில்தான். கூட்டம் இருக்கும், காலையிலேயே வந்துவிட வேண்டும். கூட்டம் வேண்டாம் என்றால் வார நாளில் வாருங்கள். அருங்காட்சியகம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரைலி மேட்டுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ தேவை, மழைக்குப் பின் புல் வழுக்கும். ஊருக்கு வடக்கே மேலேறும் சாலையில் மோம்பசன் கிணறு இருக்கிறது, அங்கும் காசும் பண்டமும் மாற்றிக்கொண்டார்கள். நேரம் இருந்தால் காரில் திரும்பும் வழியில் அதையும் பார்த்துவிடலாம்.